அஞ்சு வயசு ஆகட்டும் என்றவர்கள்

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு வாசலில் சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் லீவு முடிந்து, முதல் தடவையாக எங்களையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிய நாள். பெயர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய படுக்கை, அதற்குப் பக்கத்தில் என் மகள் சுமதி. அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. கையில் சேமியா ஐஸ். பாதி வாயில், பாதி புதுக் கவுனில்.

எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. குறுக்கே நின்ற கட்டை வண்டியைப் பார்த்து டிரைவர் ஏர் ஹாரனை அழுத்தினார்.

நாமக்கல் லாரி ஹாரனை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது. அது காதில் விழாது, நெஞ்சில் வந்து இடிக்கும். கடலை விற்றவர் படியைக் கீழே போட்டார். வெயிலுக்குச் சுருண்டு கிடந்த நாய் எழுந்து ஓடியது. பக்கத்தில் நின்ற அம்மாளின் இடுப்பிலிருந்த கைக்குழந்தை வீறிட்டது. பார்டரில் குண்டுச் சத்தம் கேட்டவர் என்று ஊரே பெருமையாகச் சொல்லும் என் வீட்டுக்காரர் தோளைக் குறுக்கிக் குனிந்தார்.

சுமதி ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். இமைகூட ஆடவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ஐஸு மேல நெனப்பு," என்றார் அவர்.

"ஆமாங்க," என்றேன் நான்.

இரண்டு பேருமே பொய் சொன்னோம். அதற்குள் சேலம் பஸ் வந்துவிட்டது.

நாக்கில் வசம்பு

அதற்கு முன்பு எங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் சந்தேகத்தை உட்கார விடமாட்டார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிற குடும்பம் அது.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் என் மாமனாருக்கு வெற்றிலைக் கொடிக்கால். காலையில் கொடிக்காலுக்குள் போனால் உச்சி வெயிலில்தான் வெளியே வருவார். பேத்தி பேசவில்லை என்று நான் வாயைத் திறந்தாலே அவரிடம் ஒரே பதில்தான்.

"இவங்கொப்பனே மூணு வயசுலதான் வாயத் தெறந்தான் அம்மிணி. இப்ப ஹிந்தியே பேசறான்."

மாமனாராவது பரவாயில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா இருந்தார். எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். தன் வீட்டில் இருந்த நேரத்தைவிடத் தம்பி வீட்டில் இருந்த நேரம் அதிகம். அவர் குழந்தையின் நாக்கில் வசம்பைத் தேய்த்தார். தேனைத் தேய்த்தார். கோயிலுக்கு வெள்ளியில் நாக்கு செய்து போடுவதாக வேண்டிக்கொண்டார். எல்லா வைத்தியமும் நாக்குக்குத்தான். காது என்று ஓர் உறுப்பு இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. குழந்தை வசம்புக் கசப்பில் முகத்தைச் சுளித்தால், "பாரு, பேச வருது," என்பார்.

மிலிட்டரிக்காரன் பெண்டாட்டி என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘என்ன மரியாதை?’ என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இவர் லீவில் வந்தால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "கேன்டீன் சரக்கு இருக்குதா மாப்ள?" இரண்டாவது, "எப்ப திரும்பப் போறீங்க?" அவ்வளவுதான் மரியாதை. ஒரு பாட்டில் ரம்மை நாலு மச்சான்களுக்குப் பங்கு வைப்பதில் இவர் காட்டிய பொறுமையில் பாதியை நாட்டு எல்லையில் காட்டினாலே போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

கைதட்டிய மேஜர்

நாங்கள் போய் இறங்கிய ஊரின் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். வடக்கே ஒரு கண்டோன்மென்ட். வரிசை வரிசையாக மஞ்சள் குவார்ட்டர்ஸ், வேப்பமரம், விடியற்காலையில் விசில். இவர் அங்கே நாயக். ஒயர்லெஸ் செட்டில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கரகரப்புக்கு நடுவில் எங்கேயோ ஒருவன் பேசுவதைப் பிடித்து எழுதுவதுதான் அவர் உத்தியோகம்.

வந்து சேர்ந்த மாதமே மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேஜர் அந்தஸ்தில் ஒரு டாக்டர். குழந்தையை என் மடியில் உட்காரச் சொன்னார். அவளுக்குப் பின்னால் போய் நின்று கைதட்டினார். சுமதி திரும்பிப் பார்த்தாள்.

"நார்மல்," என்றார் மேஜர். "அஞ்சு வயசு ஆகட்டும். அப்பவும் பேசலைன்னா கூட்டிட்டு வா." அவர் ஹிந்தியில் சொன்னதை இவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் கையைத் தூக்கியபோது நிழல் எங்களுக்கு முன்னால் இருந்த சுவரில் விழுந்தது. குழந்தை அந்த நிழலைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏனுங்க, நெழலப் பாத்துத் திரும்புனாளுங்க. ஜன்னலச் சாத்திப்போட்டுத் தட்டச் சொல்லுங்க," என்றேன்.

ஒரு நாயக் ஒரு மேஜரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்ல முடியாது. இவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் நடக்கும்போது, "உனக்கு மிலிட்டரி தெரியாது," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு மிலிட்டரி தெரியாதுதான். அந்த மேஜருக்குக் காது தெரியாது. சம்பளம் அவருக்குத்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் யாரிடமோ டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். கட்டிலில் விளையாடிக்கொண்டிருந்த சுமதியின் காதுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குக் கூட்டினார். சுமதி டிரான்சிஸ்டரை வாங்கிக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அது அதிர்வது அவளுக்குப் பிடித்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

இவர் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றிருந்தார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் மேலதிகாரிகளைக் கேட்கத் தொடங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். நிழல் விஷயத்தைச் சொல்லத் துணியாதவர், கேட்பதை மட்டும் நிறுத்தவே இல்லை. ஒரு குளிர்காலம் போய் அடுத்த குளிர் வந்த பிறகு அனுப்பினார்கள்.

அங்கேதான் ஒரு சின்ன வயது லேடி இருந்தார். டாக்டர் இல்லை, காதைச் சோதிப்பதற்கென்றே படித்தவர். குழந்தையை ஓர் அறைக்குள் உட்கார வைத்து, மிஷினில் சத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷும் அவருடைய மெதுவான ஹிந்தியும் சேர்ந்து விஷயம் புரிந்தது.

காது முழுக்கச் செத்துப்போகவில்லை. கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்குக் காது மிஷின் மாட்டி இப்போதே வேலை கொடுக்கவேண்டும். குழந்தையின் மூளை பேச்சைச் சேர்த்துவைக்கிற வயது இதுதான். அது போய்விட்டால் பிறகு எவ்வளவு கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும்.

"அஞ்சு வயசு ஆகட்டும்னு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"யார் சொன்னது?" என்றார் அவர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

என்னை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தார். வெளிச்சம் என் முகத்தில் விழவேண்டும். என் வாய் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருக்கவேண்டும். கையால் ஜாடை காட்டுவதற்கு முன்னால் வாயால் சொல்லவேண்டும். ஒற்றை வார்த்தையாக இல்லாமல் முழுசாகச் சொல்லவேண்டும். ‘பால்’ என்று சொன்னால் போதாது, ‘பால் சூடா இருக்குது, ஊதிக் குடி’ என்று சொல்லவேண்டும். எந்தப் பாஷை பேசுவது என்று கேட்டேன். "உனக்குக் கோபம் வந்தா எந்தப் பாஷையில திட்டுவியோ, அதுல," என்றார். நான் பார்த்த அத்தனை உத்தியோகஸ்தர்களிலும் எனக்கு மதிப்பு வந்தது அந்த ஒருவர் மேல்தான்.

மிஷினுக்கு எழுதிப் போட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். நாலைந்து தடவை போயிருப்போம்.

இவருக்கு வேறு ஊருக்குப் போஸ்டிங் வந்தது.

ஊறுகாய்

புது ஊர். அதே மஞ்சள் குவார்ட்டர்ஸ். அதே ஆஸ்பத்திரி வராந்தா. பழைய ஊரிலிருந்து எங்கள் காகிதம் வரவில்லை. காகிதம் வந்தால்தான் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வார்கள். குழந்தை எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துபோகும். யாரும் கூப்பிடவில்லை.

அங்கிருந்த டாக்டரும் கைதட்டினார். மிலிட்டரியில் கைதட்டுவதற்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போல. இந்தத் தடவை நிழல் விழவில்லை, அவள் திரும்பவில்லை. "சரி, கேட்கலை," என்று ஒப்புக்கொண்டார். "அஞ்சு வயசு ஆனதும் செவிட்டு ஊமைப் பள்ளிக்கூடம் எதுலயாவது சேர்த்திடுங்க," என்றார். முதல் டாக்டர் காது கேட்கிறது என்பதற்காக அஞ்சு வயது வரை காத்திருக்கச் சொன்னார். இரண்டாவது டாக்டர் காது கேட்கவில்லை என்பதற்காக அதே அஞ்சு வயது வரை காத்திருக்கச் சொன்னார்.

மாதம் ஒரு தடவை சிப்பாய்களின் மனைவிமார்களுக்கு ஒரு கூட்டம் நடக்கும். கமாண்டிங் ஆபீசரின் சம்சாரம் வந்து உட்காருவார். மல்லிகைப்பூ நிறத்தில் புடவை, கையில் விசிறி. "நாம எல்லாரும் ஒரே குடும்பம். கஷ்டம் இருந்தா சொல்லுங்க," என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். நான் எழுந்து சொன்னேன். என் ஹிந்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சம்தான். ஆனாலும் முழுசாகச் சொன்னேன். எங்களை ஓர் இரண்டு வருஷம் மாற்றாமல் வைத்தால் குழந்தை பேசிவிடுவாள் என்று சொன்னேன்.

அந்த அம்மாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு, "மனசை வேற பக்கம் திருப்பணும். அடுத்த வாரம் ஊறுகாய் வகுப்பு நடக்குது, நீயும் வா," என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊறுகாய் வகுப்புக்கு நான் போகவில்லை. அதற்குள் இவருடைய யூனிட் குடும்பம் வைத்துக்கொள்ள முடியாத மலைப்பிரதேசத்துக்குக் கிளம்பியது. நானும் சுமதியும் ரயிலேறி சேலத்தில் இறங்கி, பரமத்தி வேலூருக்குத் திரும்பி வந்தோம். அவளுக்கு நாலாவது வயது நடந்துகொண்டிருந்தது. நங்கையா வசம்போடு காத்திருந்தார்.

ஸ்கோர் என்னங்க?

ஊருக்கு வந்த வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலம் போனேன். அங்கிருந்த காது டாக்டர் ஒருவர் சோதித்துப் பார்த்து, வடக்கே அந்த லேடி சொன்னதையே சொன்னார். மிஷின் வாங்கச் சொன்னார். பட்டாளம் எழுதிப் போட்டது எந்த ஊரில் எந்த மேஜையில் கிடந்ததோ தெரியாது. நான் என் வளையலைக் கழற்றினேன்.

தீப்பெட்டியைவிடப் பெரிதாக ஒரு பெட்டி. அதை ஒரு துணிப்பையில் போட்டுக் குழந்தையின் மார்பில் கட்டவேண்டும். அதிலிருந்து ஒயர் காதுக்குப் போகும். அதை இன்னும் ஆன் செய்யாமல் மாட்டிக்கொண்டு முதல் தடவை பஸ்ஸில் ஏறியபோது, பக்கத்து சீட்டுப் பெரிய மனிதர் குனிந்து கேட்டார்.

"ஸ்கோர் என்னங்க?"

முதலில் எனக்குப் புரியவில்லை. கிரிக்கெட் கேட்பதற்காக நாலு வயதுக் குழந்தைக்கு ரேடியோ கட்டிவிட்டிருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"நீங்க அவுட்டுங்க," என்றேன்.

சேலம் டாக்டர்தான் எஸ்தர் டீச்சரைப் பற்றிச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் மேட்டூரில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர்களுடைய மூத்த பையனுக்குக் காது கேட்காது. அவனுக்காகவே இந்த அம்மாள் டிரெய்னிங் எடுத்து, சேலத்தில் வீடு பிடித்து, முன்னறையில் அப்படிப்பட்ட சின்னக் குழந்தைகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசப் பழக்கிக்கொண்டிருந்தார். அன்பானவர் என்றெல்லாம் சொல்ல முடியாது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இது:

"நாலு வயசா? இத்தனை நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. மேஜர், காகிதம், ஊறுகாய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சரி," என்றார். "வாரத்துக்கு ஒரு நாள் வர்றதுன்னா வராதீங்க. தினம் வரணும். அம்மாவும் உட்காரணும்."

பரமத்தி வேலூரிலிருந்து தினமும் சேலம் வந்து போவது நாலு வயதுக் குழந்தையோடு நடக்கிற காரியமா? எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தறிக்காரர் வீட்டில் ஓர் அறை பிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் அது எப்பேர்ப்பட்ட குற்றம் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தோட்டம் காடு உள்ள கவுண்டர் வீட்டு மருமகள், புருஷன் பார்டரில் இருக்கும்போது, டவுனில் தனியாக வீடு எடுத்துக் குடியிருக்கிறாள். கொடிக்காலில் வேலைக்கு வருகிறவர்கள் வரைக்கும் அதைப் பற்றிப் பேசினார்கள். குழந்தைக்குக் காது கேட்காததைப் பற்றி ஊரில் அவ்வளவு பேச்சு நடந்ததில்லை.

வீட்டுக்காரம்மா பெயர் சரசக்கா. முன்பக்கம் இரண்டு தறி, பின்பக்கம் நாங்கள். காலையில் தறி ஓடத் தொடங்கினால் சுவரே ஆடும். முதல் நாள் அங்கே மிஷினை மாட்டியதும் சுமதி அலறிப் பிடுங்கி எறிந்தாள். அதுவரை அவள் உலகத்தில் இல்லாத சத்தம் முழுக்கத் தறிச் சத்தமாகவே வந்து விழுந்தது. நானும் அழுதேன். சரசக்கா தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"கொழந்த அழறது சரி, நீ எதுக்கும்மா அழற? சத்தம் கேட்டுத்தானே அழுவுது?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை.

மூன்று நாள் கழித்து சுமதியே என் கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஓடுகிற தறியைக் காட்டினாள். பிறகு தன் காதைக் காட்டினாள். ஒரு பெரிய ரகசியத்தை எனக்குச் சொல்லிக்கொடுப்பவள் போல இருந்தது அவள் முகம்.

போ

எஸ்தர் டீச்சர் ‘ப’விலிருந்து ஆரம்பித்தார். உதடு மூடித் திறப்பது கண்ணுக்குத் தெரியும் என்பதால். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து ‘ப’ சொன்னால் காகிதம் ஆடும். பூ, பா, போ, பை. ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் வாழ்க்கையே அந்தக் காகிதத் துண்டுதான். அடுப்படியில் ‘பூ’. பஸ் ஸ்டாப்பில் ‘போ’. சரசக்கா தறியில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்து ‘பை’ என்பார்.

டீச்சர் படத்தைக் காட்டினால் சுமதி சொல்வாள். தானாக ஒன்றும் சொல்லமாட்டாள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் பேசுவதும் வேறு வேறு என்று எஸ்தர் டீச்சர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். சில ராத்திரிகளில் ஊர்க்காரர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் இவர் லீவில் வந்தார். மலையிலிருந்து இறக்கி, குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய ஊருக்குப் போஸ்டிங் போட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தது. வடக்கே, இன்னொரு புது ஊர். என்னை அழைத்துப் போக மாமனாரையும் நங்கையாவையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கே வந்துவிட்டார். என் டிரங்குப் பெட்டியை இழுத்து வாசலில் வைத்து நங்கையாவே கயிறு போட்டுக் கட்டினார்.

"புருசன் இருக்கற எடந்தான் பொண்டாட்டிக்கு ஊடு," என்றார் நங்கையா. "ஊருச் சனம் மொகத்துல முழிக்க முடியலை எங்களுக்கு."

"அங்க போனா மறுபடியும் மொதல்ல இருந்துங்க நங்கையா. அங்க இவளுக்கு ஹிந்தி. காகிதம் வரணும், டாக்டர் கைதட்டணும். இங்க இப்பத்தான் வாயில வருது."

"என்ன வருது? பூ, பை. இதுக்கா இத்தன கூத்து?"

மாமனார் வெற்றிலையை மடித்தபடி, "அவனும் தனியாக் கெடக்கறானில்ல அம்மிணி. எத்தன வருசத்துக்குப் பட்டாளத்துச் சோறு திம்பான்?" என்றார்.

அவர் சொன்னது நிஜம். மலையிலிருந்து வந்த மனிதர் பாதியாக இளைத்திருந்தார். உதடெல்லாம் குளிரில் வெடித்திருந்தது. எனக்கும் அவரோடு போகவேண்டும் என்றுதான் இருந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை எனக்கு.

"நீங்க சொல்லுங்க," என்றேன் அவரிடம்.

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேஜருக்கு எதிரில் நின்ற அதே விறைப்பு.

அந்த நேரத்தில் நங்கையா சுமதியை இழுத்துப் பிடித்தார். "மொதல்ல இந்தக் கருமத்தக் கழட்டு. கழுத்துல தும்பு கட்டுன கன்னுக்குட்டியாட்டம்," என்று காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினார்.

சுமதி ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஒயரைத் தன் கைக்குள் இழுத்துக்கொண்டாள். நங்கையாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போ!" என்றாள்.

காகிதம் இல்லை. படம் இல்லை. யாரும் சொல்லச் சொல்லவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது.

மாமனார் வெற்றிலையோடு கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். "என்ன சொல்லுச்சு? என்ன சொல்லுச்சு அம்மிணி?"

"போன்னு சொன்னாளுங்க மாமா."

"இன்னொருக்காச் சொல்லு சாமி!" என்று தரையில் உட்கார்ந்தே அவளை நோக்கி நகர்ந்தார். அவள் அவரையும் பார்த்து "போ!" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்.

"பெரியவங்க சின்னவங்க தெரியாம வளத்திருக்கறா," என்றார் நங்கையா. அவருக்கு அதுதான் காதில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். நங்கையா இறுக்கிப் போட்ட முடிச்சு, பல்லால் கடித்துத்தான் இளக்க முடிந்தது. அவிழ்த்து முடித்துப் பெட்டியைத் திரும்ப அறைக்குள் தூக்கி வைத்தார்.

"பொட்டி இங்கயே இருக்கட்டும்," என்றார். "நான் போயிட்டு வாரேன்."

சுமதிக்கு அந்த மாதம்தான் அஞ்சு வயது முடிந்திருந்தது. மேஜர் காத்திருக்கச் சொன்ன அதே அஞ்சு வயது.

முன்வரிசை நாற்காலி

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது லீவுகளில்தான். இவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு வரும்வரை அப்படித்தான் போனது. அதைத் தியாகம் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு அது ஆத்திரம்தான். ஓர் ஊரில் கொஞ்ச காலம் எங்களைச் சேர்த்து இருக்க விட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? நல்ல வயதில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சோறு தின்றோம்.

மாமனார் மட்டும் மாதம் தவறாமல் வாழைத்தாரோடு சேலம் வந்து, பேத்திக்கு எதிரில் உட்கார்ந்து, "சொல்லு சாமி," என்பார். அவள் அவருக்கென்று அந்த ஒரு வார்த்தையைக் கடைசி வரை வைத்திருந்தாள்.

பட்டாளம் எழுதிப் போட்ட மிஷினும் வந்தது. அப்போது சுமதி சாதாரணப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மத்த பிள்ளைகள் பயந்துகொள்ளும் என்று அவளைச் சேர்க்க மறுத்த தலைமையாசிரியையோடு நான் போட்ட சண்டை தனிக் கதை. பார்சல் பல ஊர் சுற்றி இவர் கைக்கு வந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒயரைக் காணோம்.

எண்பதுகளின் கடைசியில் நாமக்கல்லில் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்கு ஒரு முகாம் நடந்தது. இவர் பென்ஷன் விஷயமாகப் போனார், நாங்களும் போனோம். சுமதிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள் என்பதால் எங்கே போனாலும் முன்வரிசையில் உட்காருவாள்.

மேடையில் ஓய்வு பெற்ற ஒரு டாக்டர். கர்னல் வரைக்கும் போனவராம். தமிழர்தான். மேல் உதட்டையும் தாண்டி வாய் முழுக்க மூடின மீசை. குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கவேண்டும் என்று பேசினார். அதுவரை சரி. பிறகு குரலை உயர்த்தினார்.

"இதுக்கெல்லாம் முழுக் காரணம் பெற்றோரோட அலட்சியம். குறிப்பாத் தாய்மார்கள். காலா காலத்துல எங்ககிட்டக் கொண்டு வர்றதில்லை."

கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் இவர், நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

சுமதி கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அந்த மீசைக்குள்ளிருந்து அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அம்மா, இவரு என்னம்மா பேசறாரு? ஒண்ணுமே வெளங்கல!"

மேடையில் பேச்சு நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அமைப்பாளர் ஒருவர் ஓடிவந்து என்னிடம் குனிந்து, "பாப்பாவைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்கம்மா," என்றார்.

"முடியாதுங்க," என்றேன். சுமதி பார்க்கும்படி அவள் பக்கம் திரும்பி, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்துகொண்டு சொன்னேன்: "இன்னொருக்காக் கேளு சாமி. அவருக்குக் கேக்கலையாம்."

சுமதி எழுந்து நின்று இன்னொரு தடவை கேட்டாள்.